பெக் போட்ட பி.எம்.எக்ஸ்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

பி.எம்.எக்ஸ். என்ற குட்டி வித்தைச் சைக்கிளின் சக்கர அச்சில் மாட்டி, திண்டின் விளிம்பில் சறுக்குவதற்கானது பெக். பார்வைக்கு ஒரு குழாய்த் துண்டுதான். நாலு அல்லது நாலரை அங்குல நீளம், ஏறக்குறைய 40 மி.மீ. விட்டம், ஒரு பக்கம் மூடிய அடி, அந்த அடியின் நடுவில் அச்சு நுழைய ஒரு ஓட்டை. அச்சில் செருகி நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஓட்டத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்: நட்டு கழல்கிறது, சக்கரம் இறுகுகிறது, பெக் வழுக்காமல் திண்டில் குத்தி நிற்கிறது, செயின் தொங்குகிறது.

இவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன. அச்சு வந்து அமரும் பிளவுத் தகட்டை டிராப்அவுட் என்பார்கள். அந்தத் தகடும் பெக்கின் அடியும் ஒன்றோடொன்று சேரும் முகம்தான் அந்த இடம். அங்கே பெக் தட்டையாக, நேராக உட்காரவில்லை என்றால் மேலே எவ்வளவு இறுக்கினாலும் நிலைக்காது. அதனால் உங்கள் வண்டியின் கோளாறு கீழே எதுவாக இருந்தாலும், முதலில் பெக்கைக் கழற்றி அந்த முகத்தைத் துடைத்துப் பாருங்கள். மண், பெயின்ட் துணுக்கு, பழைய வாஷரின் தடம் என்று ஏதாவது அங்கே இருக்கும்.

கருவிகள் குறைவுதான். பின் அச்சு 14 மி.மீ. என்றால் நட்டுக்குப் பெரும்பாலும் 17 மி.மீ. சாக்கெட். முன் அச்சு 3/8 அங்குலம், அதாவது 10 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு 15 மி.மீ. சாக்கெட். நட்டு குழாயின் அடியாழத்தில் இருப்பதால் சாதாரண ஸ்பேனர் எட்டாது. 15 செ.மீ. நீள எக்ஸ்டென்ஷன் ஒன்று, ஒரு சாணுக்கு மேல் நீளமான கைப்பிடி ஒன்று வேண்டும். சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் ஆழத்தில் கொஞ்சம் சாய்ந்தாலே நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். சுவர் தடித்த சாக்கெட் சில பெக்குகளுக்குள் நுழையவே நுழையாது, அதையும் முன்பே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் வரிசை இது: ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), அதைக் காக்கும் ஹப் கார்டு இருந்தால் அது, டிராப்அவுட், பெக், பெக்குக்குள்ளே வாஷர், கடைசியில் நட்டு. முன்பு டிராப்அவுட்டுக்கு வெளியே இருந்த வாஷர் இப்போது பெக்கின் உள்ளே போகிறது. பெக்குக்கும் டிராப்அவுட்டுக்கும் நடுவில் வாஷர் வைக்கக் கூடாது.

## முன் பெக் அச்சில் தொளதொளவென்று ஆடுகிறது

பெக்குகளின் ஓட்டை 14 மி.மீ. முன் அச்சு அதைவிட நான்கு மி.மீ. சிறியது. அந்த இடைவெளியை நிரப்ப அடாப்டர் என்ற சின்ன உலோக வளையம் பெக்கோடு வந்திருக்கும். அட்டைப் பெட்டியின் அடியில் கிடப்பதைக் கவனிக்காமல் பெட்டியோடு தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அடாப்டர் இல்லாமல் மாட்டினால் பெக் மையம் விலகி உட்காரும், முதல் அடியிலேயே நகரும். டேப் சுற்றுவது, தகட்டைச் சுருட்டி வைப்பது எல்லாம் ஒரு நாளைக்குக்கூடத் தாங்காது. சரியான வளையத்தை வாங்கிப் போடுங்கள்.

பின் அச்சும் 10 மி.மீ. தடிமன்தான் என்றால் அது வேறு பேச்சு. அப்படிப்பட்ட வண்டிக்கும் அடாப்டர் வைத்து பெக் மாட்ட முடியும், ஆனால் கிரைண்டின், அதாவது பெக்கால் திண்டில் விழுந்து சறுக்குவதன், அடியை அந்த அச்சு தாங்காது, வளையும். பெக்கை வைத்துத் தெருவில் ஓட்ட 14 மி.மீ. பின் அச்சு உள்ள சக்கரமும் அதற்கான ஃப்ரேமும் வேண்டும். அதேபோல முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்கில் கொக்கி வைத்த பாதுகாப்பு வாஷர் இருந்து, அதன் மேல் பெக் தட்டையாக உட்காரவில்லை என்றால், அந்த ஃபோர்க்குக்கு முன் பெக் வேண்டாம் என்பதே என் கருத்து.

## நட்டு முழுக்க இறுகியும் பெக் கையால் திருப்பினால் சுற்றுகிறது

நட்டு எதையோ இறுக்குகிறது, பெக்கை மட்டும் இறுக்கவில்லை. மூன்று காரணங்களைத் தேடுங்கள்.

முதலில் அடாப்டரின் நீளம். அது பெக்கின் அடித் தடிமனைவிட அரை மி.மீ. நீண்டிருந்தாலும் போதும், நட்டின் முழு அழுத்தமும் அடாப்டர் வழியாக டிராப்அவுட்டுக்குப் போய்விடும், பெக் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அடாப்டரை பெக்கில் செருகி, தட்டையான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். எழும்பி நிற்கும் அளவை அரத்தால் தேய்த்து எடுத்துவிடலாம்.

அடுத்தது சுழல்தடுப்பு முள். சில பெக்குகளின் அடியில் ஒரு குட்டி முள் இருக்கும். டிராப்அவுட்டில் அதற்கென்று ஒரு சின்ன ஓட்டை இருந்தால் அதில் போய் அமர்ந்து பெக்கைச் சுற்றவிடாமல் பிடிக்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் உங்கள் ஃப்ரேமில் அந்த ஓட்டை இல்லை என்றால் அதே முள் பெக்கைத் தட்டையாக உட்காரவிடாமல் தூக்கி நிறுத்தும். முள்ளைக் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது, மூடி நட்டு. வண்டியோடு வந்த முன் நட்டுகளில் சிலவற்றுக்கு மேல்பக்கம் அடைத்திருக்கும். அச்சின் நுனி அந்த மூடியில் முட்டியதும் நட்டு நின்றுவிடும். கைக்கு இறுகியதுபோலவே தோன்றும். இருபுறமும் திறந்த நட்டாக மாற்றுங்கள்.

## நட்டு பாதி மரை வரைதான் ஏறுகிறது

பெக்கின் அடித் தடிமனும் வாஷரும் சேர்ந்து அச்சின் நீளத்தைத் தின்றுவிடுகின்றன. அச்சின் நுனி நட்டின் வெளிமுகத்தோடு சமமாகவாவது நிற்க வேண்டும். பாதி மரையில் பிடித்திருக்கும் நட்டோடு திண்டில் ஏறினால், மரை உரிந்து பெக் பறக்கும், நீங்களும் பறப்பீர்கள்.

பெரிய செலவுக்குப் போகும் முன் அச்சு இரு பக்கமும் சமமாக நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஒரு பக்கம் ஏழெட்டு மி.மீ. கூடுதலாக இருப்பது சாதாரணமாக நடக்கும். அச்சில் பேரிங்கை ஒட்டி இருக்கும் கோன் நட்டுகளைத் தளர்த்தி அச்சை நகர்த்தி நடுப்படுத்தினாலே பிரச்சினை தீரலாம். ஹப் கார்டு தடிமனாக இருந்தால் அதுவும் இடத்தை எடுக்கும். எதுவும் உதவவில்லை என்றால் நீளமான அச்சுதான் வழி.

ஏறும்போதே நட்டு இறுக்கமாகச் சண்டை போடுகிறதா? உடனே நிறுத்துங்கள். 3/8 அங்குல அச்சில் அங்குலத்துக்கு 26 மரை உள்ளது பரவலாக இருக்கிறது, 24 மரை உள்ளதும் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், முதல் இரண்டு சுற்று ஏறவும் ஏறும். அதற்கு மேல் பலத்தைக் காட்டினால் அச்சு, நட்டு இரண்டின் மரையும் வீண். விரலாலேயே கடைசி வரை சுற்ற முடிகிற நட்டுதான் சரியான நட்டு.

## ஓட்டி முடிக்கும்போதெல்லாம் இடப்பக்க நட்டு தளர்ந்திருக்கிறது

அதிகம் பேரைக் குழப்பும் கோளாறு இதுதான். வலப்பக்கம் மாட்டிய நண்பனுக்கு ஒன்றும் ஆகாது, இடப்பக்கம் மாட்டிய உங்களுக்கு மட்டும் தளரும். உங்கள் கைப்பலத்தில் குறை இல்லை.

பெக் திண்டின் மேல் முன்னோக்கிச் சறுக்கும்போது, அதன் அடிப்பகுதியைத் திண்டு பின்னுக்கு இழுக்கிறது. அந்த இழுப்பு பெக்கை ஒரு சக்கரம்போல உருட்டப் பார்க்கிறது. இடப்பக்கம் நின்று பார்த்தால் முன்னோக்கி உருளும் சக்கரம் எதிர்க்கடிகாரத் திசையில் சுற்றும். சாதாரண வலமரை நட்டு கழலும் திசையும் அதுதான். வலப்பக்கம் நின்று பார்த்தால் அதே உருளல் கடிகாரத் திசை; அங்கே பெக் நட்டை இறுக்கும் பக்கம் இழுக்கிறது. அதனால்தான் இந்த ஓரவஞ்சனை. பின்னோக்கிச் சறுக்குகிற வித்தைகளை அதிகம் செய்பவர்களுக்கு இது தலைகீழாகும்.

இந்த உருளலைத் தடுப்பது இரண்டே விஷயங்கள். ஒன்று மேலே சொன்ன சுழல்தடுப்பு முள். ஃப்ரேமில் ஓட்டை இருந்தால் முள் உள்ள பெக்கையே தேடி வாங்குங்கள், இடப்பக்கம் ஓட்டுபவர்கள் கட்டாயம். இன்னொன்று பெக்கின் அடிக்கும் டிராப்அவுட்டுக்கும் இடையிலான பிடிப்பு. புது ஃப்ரேமில் அந்த இடத்தில் தடித்த பெயின்ட் இருக்கும். பெக் அதை மெல்ல நசுக்கி உள்ளே இறங்கும். இறங்கிய அளவுக்கு நட்டின் இறுக்கம் போய்விடும். இதற்குப் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டியதில்லை, சுரண்டினால் துரு வரும். மாட்டிய அன்று அரை மணி நேரம் ஓட்டியதும் ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, வாரக் கடைசியில் ஒரு தடவை இறுக்குங்கள். பெயின்ட் முழுக்க நசுங்கி, பெக்கின் அடியில் உள்ள உலோகம் ஃப்ரேமின் உலோகத்தைக் கடித்த பிறகு தளர்வது தானாகக் குறையும்.

கிரீஸ் எங்கே என்பதிலும் கவனம் வேண்டும். மரையில் ஒரு துளி நல்லது. இறுக்கும் பலம் உரசலில் வீணாகாமல் முழுதாகப் போய்ச் சேரும், அச்சும் துருப்பிடிக்காது. பெக்கின் அடிமுகத்தில் மட்டும் படவே கூடாது. பட்டால் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

எவ்வளவு இறுக்குவது? பின் 14 மி.மீ. அச்சு நல்ல பலத்தைத் தாங்கும், ஒரு சாண் கைப்பிடியில் உடம்பை ஊன்றி இறுக்கலாம். முன் 10 மி.மீ. அச்சுக்கு அதே பலத்தைக் காட்டினால் மரை உரியும். முன்புறம் கை பலம் மட்டும், பின்புறம் உடல் பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹப் தயாரித்தவர் முறுக்கு அளவு கொடுத்திருந்தால் அதுவே கடைசி வார்த்தை.

## நட்டை இறுக்கியதும் சக்கரம் சுற்ற மறுக்கிறது

பெக்கைக் கழற்றி மாட்டும்போது உள்ளே இருக்கும் கோன் நட்டு நமக்குத் தெரியாமல் கூடவே திரும்பிவிடும். அது பேரிங்கை நெருக்குகிறது. பின்சக்கரத்தில் இதன் அடையாளம் தெளிவானது: மிதிப்பதை நிறுத்தியும் செயின் முன்னோக்கித் தள்ளப்படும், பெடல் தானாகச் சுற்றப் பார்க்கும்.

சக்கரத்தைக் கழற்றி, மெல்லிய ஸ்பேனரால் கோன் நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்துங்கள். கழற்றி வைத்த நிலையில் அச்சில் மிக லேசான ஆட்டம் இருந்தால் பயப்பட வேண்டாம், வெளி நட்டுகளை இறுக்கியதும் அது மறைந்துவிடும். இறுக்கிய பிறகும் ரிம்மைப் பக்கவாட்டில் அசைத்தால் கடக் கடக் என்று கேட்டால்தான் தளர்வு அதிகம். இரண்டு மூன்று முறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். பொறுமையாகச் செய்யுங்கள், அவசரமாக இறுக்கிய பேரிங் சில வாரங்களில் கரகரக்கத் தொடங்கும்.

## பின்சக்கரம் முன்னால் நகர்ந்து செயின் தொங்குகிறது

பெக் போட்ட பிறகு பின்சக்கரத்துக்கு இரண்டு பக்க இழுப்பு: மிதிக்கும்போது செயின் வலப்பக்கத்தை முன்னால் இழுக்கிறது, திண்டில் விழும்போது பெக் தன் பக்கத்தை எங்கெங்கோ தள்ளுகிறது. நட்டின் இறுக்கம் கொஞ்சம் குறைந்தாலும் சக்கரம் கோணலாகிவிடும். டயர் ஒரு பக்கச் சட்டத்தை உரசினால் இதுதான்.

வலப்பக்க நட்டை அரைகுறையாக இறுக்குங்கள். சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி டயர் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து இடப்பக்கத்தை இறுக்குங்கள். அப்புறம் இரண்டையும் மாற்றி மாற்றி முடியுங்கள். செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் 10, 12 மி.மீ. ஆட வேண்டும். கிராங்கை (பெடல் தண்டை) ஒரு முழுச் சுற்று சுற்றி, செயின் எங்கே அதிகம் விறைக்கிறதோ அந்த இடத்தில் அளக்க வேண்டும். எந்தப் பல்சக்கரமும் துல்லிய வட்டமாக இருப்பதில்லை.

செயினை விறைப்பாக வைக்கும் டென்ஷனர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். அதன் தகடு பெக்குக்கும் டிராப்அவுட்டுக்கும் நடுவில் வந்து உட்காரும் வகையாக இருந்தால், மேலே சொன்ன முகம் கெட்டுவிடும், சுழல்தடுப்பு முள்ளும் எட்டாது. டிராப்அவுட்டின் உள்பக்கம் பொருந்தும் வகையோ, ஃப்ரேமிலேயே அமைந்த வகையோதான் பெக்கோடு ஒத்துப்போகும்.

## பெக் சறுக்காமல் திண்டில் குத்தி நிற்கிறது

பெக் எந்தப் பொருள் என்று முதலில் பாருங்கள். கையில் பிடித்தால் சொரசொரப்பாக, வரிவரியாக வெட்டிய அலுமினிய பெக் என்றால் அது சமதளத் தரையில் வித்தை செய்யும் ஃபிளாட்லேண்ட் ஓட்டுபவர்களுக்கானது. பெக்கின் மேல் ஷூவோடு நின்று சுழல்வதற்காகப் பிடிப்பு கொடுத்துச் செய்திருக்கிறார்கள். அதை வைத்துக் கிரைண்ட் செய்ய முடியாதது பெக்கின் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. பெக்கை மாற்றினால் போதும்.

எஃகு பெக் புதிதாக இருக்கும்போது அதன் பெயின்ட் கான்கிரீட்டில் ஒட்டும். முதல் சில நாள் மோசமாகத்தான் இருக்கும். பெயின்ட் உரிந்து வெள்ளையாகப் பளபளக்கத் தொடங்கியதும் சறுக்கும். நுனியில் காளான்போல விரிந்து பிசிறு எழும்பியிருந்தால் அரத்தால் தேய்த்து உருட்டிவிடுங்கள். அந்தப் பிசிறு திண்டின் விளிம்பில் கொக்கிபோல மாட்டும், உங்கள் காலையும் கிழிக்கும். எஃகு பெக்கோடு கான்கிரீட்டில் ஓட்டுகிறவர்களுக்கு மெழுகு தேவைப்படும். சாதாரண மெழுகுவர்த்தியே போதும். திண்டின் விளிம்பிலும் அதை ஒட்டிய மேற்பரப்பிலும் மெல்லிய பூச்சாகத் தேயுங்கள். விளிம்பு ரொம்பவும் சொரசொரப்பாக இருந்தால் முதலில் ஒரு கல்லால் தேய்த்து மழுப்பிவிட்டு, பிறகு மெழுகு. ஒரேயடியாகப் பூசினால் பெக் நினைத்ததைவிட வேகமாக ஓடி வண்டி உங்களுக்கு முன்னால் போய்விடும். அதே திண்டில் ஸ்கேட்போர்டு ஓட்டுகிறவர்கள் இருந்தால் பூசும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிளாஸ்டிக் உறை போட்ட பெக்குக்குப் பொதுவாக மெழுகே வேண்டாம். கரடுமுரடான கான்கிரீட்டிலும் அது ஓடும், இரும்புக் கம்பியில் அதிவேகமாக ஓடும், திண்டையும் குறைவாகவே சேதப்படுத்தும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது பிளாஸ்டிக்தான். அதுவும் ஒட்டுகிறது என்றால் மேற்பரப்பைத் தடவிப் பாருங்கள், மண்துகள்கள் புதைந்திருக்கும். உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்தால் போய்விடும்.

முன்னும் பின்னும் வேறு வேறு பொருள் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் வேகமாக ஓடும் பெக் முன்னால் இருக்கட்டும். முன்னால் எஃகு, பின்னால் பிளாஸ்டிக் என்று வைத்தால் முன்பக்கம் தயங்கி நிற்க, பின்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். தலைகுப்புற விழ அதைவிட எளிய வழி இல்லை. விட்டமும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

## பிளாஸ்டிக் உறை ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டது

இது கோளாறே இல்லை, தேய்மானம். நட்டைத் தளர்த்தி பெக்கைக் கால் சுற்று திருப்பி மறுபடி இறுக்குங்கள், புதுப் பக்கம் கீழே வரும். மூன்று முறை இப்படித் திருப்பலாம். முள் மாட்டியிருந்தால், உள்குழாயில் உறையை மட்டும் திருப்ப முடிகிறதா பாருங்கள்.

உறை தானாகவே சுற்றிக்கொண்டிருந்தால் உள்ளே இடைவெளி விழுந்துவிட்டது என்று பொருள், சீக்கிரம் மாற்ற வேண்டும். உள்ளிருக்கும் உலோகம் ஒரு பொட்டு தெரிந்தாலும் அதோடு ஓட்டாதீர்கள். பாதி பிளாஸ்டிக், பாதி உலோகம் என்ற நிலையில் ஒரே சறுக்கலின் நடுவில் பிடிப்பு மாறும், உடம்பு அதை எதிர்பார்த்திருக்காது. உறையைத் தனியாக விற்கிறார்கள், முழு பெக்கையும் வாங்க வேண்டியதில்லை.

## பெக் சரியாக ஏறியும் பல்சக்கரமோ பெடலோ திண்டில் இடிக்கிறது

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். 20 அங்குலச் சக்கரம், 2.4 அங்குல டயர் என்றால் அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய 255 மி.மீ. உயரம். பெக்கின் ஆரம் 20 மி.மீ. கழித்தால் பெக்கின் அடி 235 மி.மீ. இரண்டு பெக்கும் திண்டில் இருக்கும்போது திண்டின் மேற்பரப்பு இந்த உயரத்தில்தான் வரும். கிராங்க் அச்சு தரையிலிருந்து 295 மி.மீ. அளவில் இருக்கும். ஆக, கிராங்க் மையத்துக்குக் கீழே நமக்குக் கிடைப்பது வெறும் 60 மி.மீ.

25 பல் உள்ள பல்சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 50 மி.மீ. செயினின் தடிமனைச் சேர்த்தாலும் ஐந்தாறு மி.மீ. மிச்சம். 28 பல் என்றால் ஆரம் 57 மி.மீ.; செயினைச் சேர்த்தால் திண்டைத் தொட்டுவிடும். 30 பல் கட்டாயம் இடிக்கும். தெருவில் ஓட்டுகிறவர்கள் முன்னால் 25, பின்னால் 9 பல் என்று வைத்துக்கொள்வதில் இந்த இடைவெளிக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய வண்டியில் 36 பல் தட்டு இருந்தால் பெக் வாங்கும் முன் அதை மாற்ற வேண்டும், கூடவே பின்பல்லையும். இரண்டும் சேர்ந்து மாறாவிட்டால் மிதிக்கவே பிடிக்காது. வலப்பக்கம் கிரைண்ட் செய்கிறவர்கள் பல்சக்கரத்துக்கு வெளியே காப்புவளையம் உள்ள வகையை வாங்குங்கள், செயின் பிழைக்கும்.

பெடல் கதையும் இதே 60 மி.மீ.க்குள்தான். பெடலின் பாதித் தடிமன் போக மிஞ்சுவது 45 மி.மீ. அளவு. கிராங்க் 170 மி.மீ. நீளம் என்றால், திண்டுப்பக்கப் பெடல் சமநிலையிலிருந்து 15 டிகிரி தாழ்ந்தாலே இடித்துவிடும். 15 டிகிரி என்பது கடிகாரத்தில் இரண்டரை நிமிடம். ஏறும் நேரத்தில் பதற்றத்தில் பின்கால் அவ்வளவு இறங்குவது மிக எளிது. அதனால் பெடல் இடிக்கிறது என்று வண்டியைக் குடையும் முன், தரையிலேயே பெடலைச் சமமாக வைத்துக் குதித்து இறங்கும் பழக்கத்தைச் சில நாள் செய்யுங்கள். திண்டுப்பக்கப் பெடல் ஒரு பொட்டு மேலே இருந்தாலும் நல்லதுதான்.

## ஹப்பும் ஸ்போக்குகளும் திண்டில் உரசுகின்றன

ஹப் கார்டு இல்லை, அல்லது உடைந்திருக்கிறது. திண்டின் விளிம்பு பெக்கிலிருந்து உள்பக்கமாக வழுக்கி வந்தால் முதலில் அடிபடுவது ஸ்போக்கின் தலைகள். பெக் உள்ள பக்கமெல்லாம் கார்டு போடுங்கள். முன்சக்கரத்திலும்தான். மாட்டிய பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கார்டு ஸ்போக்கைத் தொடாமல் நிற்கிறதா என்று காதால் கேளுங்கள். வலப்பக்கப் பின்சக்கரத்தில் கார்டுக்கும் செயினுக்கும் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

## மிதிக்கும்போது குதிகால் பின் பெக்கில் தட்டுகிறது

தெரு ஓட்டத்துக்கான ஃப்ரேம்களின் பின்பகுதி குட்டை, கிராங்க் மையத்திலிருந்து பின் அச்சு வரை 13 அங்குலம் சுற்றி. கிராங்க் பின்னுக்கு வரும்போது பெடலுக்கும் பெக்குக்கும் ஒரு கை அகல இடம்தான் மிஞ்சும். குதிகாலைத் தாழ்த்தி மிதித்தால் தட்டத்தான் செய்யும். முன்பாதத்தால் மிதியுங்கள், குதிகாலைக் கொஞ்சம் தூக்குங்கள். அது பழகவில்லை என்றால் செயினில் ஒரு அரைக்கண்ணி சேர்த்துச் சக்கரத்தை ஆறு மி.மீ. பின்னுக்குத் தள்ளலாம். ஒரு முழு இணைக்கண்ணி சேர்த்தால் அதன் இருமடங்கு. ஆனால் பின்சக்கரம் தள்ளிப் போகப் போக வண்டியின் முன்பக்கத்தைத் தூக்குவது கடினமாகும், அதனால் தேவைக்கு மேல் தள்ளாதீர்கள்.

## திண்டை நெருங்கும்போது உடம்பு மறுபக்கம் இழுக்கிறது

பெக்கைத் தவறான பக்கத்தில் மாட்டியிருக்கலாம். செயின் வலப்பக்கம் இருப்பதால் பெக் இடப்பக்கம் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். எந்தக் காலை முன்னால் வைத்து நிற்கிறீர்கள், எந்தப் பக்கம் திரும்பிச் சுழல்வது இயல்பாக வருகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் பக்கத்தை முடிவு செய்யும். தாழ்வான ஒரு விளிம்பின் ஓரமாக இரு திசையிலும் மெதுவாக ஓட்டி, பெக் இல்லாமலே குதித்து அருகில் இறங்கிப் பாருங்கள். கண் தானாக எந்தப் பக்கத்தைப் பார்க்கிறதோ அதில் மாட்டுங்கள். நாலு பெக்கோடு தொடங்க வேண்டாம் என்பேன். எடை கூடும், குதிப்பதே கடினமாகும். ஒரு பக்கம் இரண்டு போதும்.

## குதித்து விழும்போதெல்லாம் பஞ்சர்

டயரில் காற்று போதவில்லை. விளிம்பில் விழும்போது ரிம்முக்கும் திண்டுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும். டயரின் பக்கத்தில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல் 60 பி.எஸ்.ஐ. அல்லது அதற்கு மேல் வையுங்கள்.

## பெக் நேராக நிற்காமல் மேலேயோ கீழேயோ சாய்ந்திருக்கிறது

மற்ற பெரும்பாலானவற்றைச் சரிசெய்துகொண்டே ஓட்டலாம். இதைப் பார்த்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள்.

பெக்கைக் கழற்றி அடிமுகத்தைத் துடைத்து மறுபடி மாட்டியும் சாய்கிறது என்றால், அச்சு வளைந்திருக்கிறது அல்லது டிராப்அவுட் வளைந்திருக்கிறது. எது என்று கண்டுபிடிக்கச் சக்கரத்தைக் கழற்றுங்கள். அதைப் படுத்தவாக்கில் பிடித்து அச்சின் நுனியை விரலால் சுற்றுங்கள். நேரான அச்சின் நுனி ஒரே புள்ளியில் சுழலும். வளைந்ததன் நுனி காற்றில் சின்ன வட்டம் போடும். வளைந்த அச்சைச் சுத்தியலால் நிமிர்த்தாதீர்கள். ஒருமுறை வளைந்த எஃகு, நிமிர்ந்த பிறகும் அதே இடத்தில் பலவீனமாகவே இருக்கும், அடுத்த முறை ஒடியும். நாலரை அங்குல பெக்கின் நுனியில் முழு எடையோடு விழும்போது அச்சின் வேரில் எவ்வளவு நெம்பும் என்று யோசித்துப் பாருங்கள்.

அச்சு நேராக இருந்தால் டிராப்அவுட்டை வெளிச்சத்தில் பாருங்கள். அது ஃப்ரேமோடு பற்றவைத்த இடத்தையும் பிளவின் உள்மூலையையும் நகத்தால் வருடுங்கள். பெயின்ட்டில் முடிபோல ஒரு கோடு தெரிந்தால், அந்தக் கோட்டின் மேல் நகம் இடறினால், அது கீறல் இல்லை, விரிசலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டை ஒட்டித் துரு கசிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஃபோர்க்கின் இரு கால்களின் அடியையும் இதேபோல் வருடிப் பாருங்கள். முன்சக்கரம் போனால் கை ஊன்றக்கூட நேரம் கிடைக்காது. என் ஃபோர்க்கில் அந்த முடிக்கோட்டைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் வெளியே காத்துக்கொண்டிருந்தார்கள். அன்று பெக்கைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தே போய் அவர்கள் ஓட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஃபோர்க்கின் காலைக் கையால் கொஞ்சம் விரித்ததும் அந்தக் கோடு வாயைத் திறந்தது.